முதல் அடையாளம்

"இந்தக் கையத்தான் கடிச்சா டாக்டர். இதே கையாலதான் தெனமும் அவளுக்குச் சோறு ஊட்டுறேன்" என்று கொளஞ்சியப்பன் கட்டுப் போட்ட வலது கையை நீட்டினார். இன்னொரு கை மகள் விருத்தாம்பாளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

ஒன்பது வயதுப் பெண். அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள்.

"அவுங்கம்மா?" என்றார் டாக்டர் தில்லைநாதன்.

"காமாலையில போயி ரெண்டு வருசமாச்சுங்க. நான் முதுநகர் ஸ்டேஷன்ல பார்சல் கிளார்க். மூணு மாசமாத்தான் இவ இப்பிடி. இப்பக் கட்டிப் புடிச்சி முத்தம் குடுப்பா, அடுத்த நிமிசம் 'நீ செத்துப் போ'ம்பா. முந்தாநேத்து காம்பஸ் முள்ளால தன் கையையே கீறிக்கிட்டா."

லண்டனில் மனநோய் படித்துவிட்டு வந்து, மஞ்சக்குப்பத்தில் போர்டு மாட்டி எட்டு மாதமாகத் தூக்கம் வராதவர்களுக்கு மாத்திரை எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். 'பார்டர்லைன் பர்சனாலிட்டி' என்று புதுசாக வந்த தடிப் புத்தகம் வர்ணித்த, ஒரு நொடி பாசம் மறு நொடி வெறுப்பு என்று தாவுகிற குணக்கோளாறு, தானே நடந்து வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது!

குணம் இன்னும் உருவாகாத குழந்தைகளுக்கு அந்தப் பேரைச் சூட்டாதே என்று அதே புத்தகம் எச்சரித்தும் இருந்தது. டாக்டருக்கு அது தெரியும். ஆனாலும் இந்தப் பக்கத்தில் அந்த நோயை முதன்முதலில் கண்டுபிடித்தவர் என்று பேரெடுக்கும் ஆசை யாரைத்தான் விட்டது?

"வயசுக்கு ஏதாவது சான்று இருக்கா?"

கொளஞ்சியப்பன் பையிலிருந்து பள்ளிக்கூடத்து டி.சி.யை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் பிறந்த தேதியை மட்டும் குறித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"ஏம்மா அப்பாவக் கடிச்ச?"

"அப்பா என்ன உட்டுட்டுப் பூடும்."

"யாரு சொன்னா அப்பிடி?"

"யாரும் சொல்லல. எனக்கே தெரியும்."

"அப்பா இதுவரைக்கும் உன்ன உட்டுட்டு எங்கயாச்சும் போயிருக்காரா?"

"இல்ல. ஆனா பூடும்."

கொளஞ்சியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டருக்கோ உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். கைவிட்டுவிடுவார்கள் என்ற காரணமில்லாத பயம்! புத்தகத்தில் முதல் அடையாளமே அதுதான். இப்படி உருகுகிற அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை பயந்தால் அது நோயில்லாமல் வேறென்ன?

இருந்தாலும் பேனாவை எடுத்தவருக்குக் கை தயங்கியது.

"நோயோட பேர ஒரு வருசம் பாத்துட்டு எழுதலாமே. எழுதிட்டா ஆயுசுக்கும் அழியாது. எந்த ஸ்கூல்லயும் சேத்துக்க மாட்டாங்க. பின்னால ஒரு வரன் வந்தாக்கூட இதான் முன்னாடி வந்து நிக்கும்."

"பரவால்லீங்க, எழுதுங்க. என்ன சீக்குன்னே தெரியாம நான் யாருகிட்டப் போயி நிக்கிறது?"

அதற்குமேல் டாக்டரும் யோசிக்கவில்லை. லெட்டர் பேடில் அழகாக நோயின் பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்திக் கொடுத்தார்.

"இனிமே நீங்க இவள ஒரு நாள்கூடப் பிரியக் கூடாது. மாத்திரையவிட அதான் முக்கியம்" என்றார்.

கொளஞ்சியப்பன் தலையாட்டிக்கொண்டே காகிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு சட்டையிலிருந்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அவளை வெளி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இதக் காட்டுனா மெட்ராசுல பைத்தியக்கார விடுதியில இவளக் கடேசி வரைக்கும் வச்சிக்குவாங்கல்ல?"

டாக்டருக்குச் சட்டென்று விளங்கவில்லை. "விடுதியா? எதுக்கு?"

"வர்ற வெள்ளிக்கிழம சிதம்பரத்துல எனக்குக் கல்யாணங்க."