கதிர் வரட்டும்

மேய்ச்சல் காட்டு வேலியோரம் ஒரு புல் முளைத்திருந்தது. வெள்ளாட்டுக்கு வாய் ஊறியது.

"இது கொழுக்கட்டைப்புல்லுதான், எருமையக்கா. கதிர் முத்தி விதை விழுந்தா காடெல்லாம் பரவும். கோடையிலயும் பட்டினி இல்ல."

"வெறும் களை," என்றது எருமை. "கதிர் வரட்டும், தெரிஞ்சுபோகும். அதுவரைக்கும் யாரும் வாய் வைக்கக் கூடாது."

ஆட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ருசி பார்த்தாலே தெரிந்துவிடுமே என்று மறுநாள் ஒரு கடி கடித்தது. எருமை மட்டும் இளைத்ததா? அதுவும் கடித்தது. துளிர்க்கத் துளிர்க்க இரண்டும் ருசி பார்த்தன.

கோடையில் காடு காய்ந்தது. இரண்டுக்கும் வயிறு ஒட்டியது. மழை விழுந்ததும் பழைய தூரிலிருந்தே புல் மறுபடி துளிர்விட்டது.

"நான் சொன்னேன்ல, கொழுக்கட்டைப்புல்லேதான்," என்றது ஆடு, துளிரை மென்றுகொண்டே. "இந்த மண்ணுதான் சரியில்லக்கா. கதிரே வைக்க மாட்டேங்குது."