குழம்பு வாசத்துக்கு மேலே வந்த கப்பல்

அவர் வைத்த விளமீன் குழம்பின் வாசம் பிடித்து, கடலுக்கடியில் போய்க்கொண்டிருந்த போர்க்கப்பல் ஒன்று மேலே வந்தது.

சும்மா வரவில்லை. தட்டோடு வந்தது.

பந்தல் நிழலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. புளுகுகிறவன் தானே சிரித்துவிட்டால் தொழில் கெட்டுவிடும்.

"மூடி தெறந்துச்சு. மொத ஆளா தலைய நீட்டுனது யாரு? நம்ம தனிஸ்லாஸ். கமாண்டரு! முகமெல்லாம் தாடி, சட்டையெல்லாம் எண்ணெ. என்னயப் பாத்ததும், 'கஸ்பார் அண்ணே, மாங்கா போட்டியளா?'ன்னு கேட்டாரு."

"தண்ணிக்கு அடியில எப்பிடி வேய் வாசம் வரும்?" என்றது பின்வரிசை.

"ஒம்ம வீட்டுக் கொழம்புன்னா வராது."

பந்தல் குலுங்கியது.

கஸ்பார் தோணியில் பண்டாரியாக இருந்தவர். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகும் பாய்மரத் தோணிகளில், மீசை முளைத்த நாளிலிருந்து சோறாக்கியவர். இப்போது கைக்கு வேலையில்லை. அந்த வேலையையும் சேர்த்து வாய் பார்க்கிறது.

வருஷத்துக்கு ஒரு நாள் கடற்கரையில் இந்தப் பந்தல் போடுவார்கள். சண்டை நடந்த வருஷம், தன் நீர்மூழ்கியோடு திரும்பாமல் போன ஊர்ப்பிள்ளைக்கு அஞ்சலி. கடற்படைக்காரர்கள் மலர்வளையம் கொண்டுவருவார்கள். கப்பல் எந்தக் கடலில் போனது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வளையத்தைக் கரையோரத்திலேயே விடுவார்கள்.

பொழுது சாய்வதற்குள் அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிடும்.

முன்வரிசையில் எமரென்சியா. தனிஸ்லாசின் மனைவி.

எல்லாரும் பூப்போடுவார்கள். அவள் போட்டதில்லை. திரும்பி வருகிறவருக்கு எதற்குப் பூ?

கஸ்பார் கதையை முடித்ததும், வருஷா வருஷம் ஒரே வார்த்தை சொல்லுவாள்.

"பொய்."

அதைக் காதால் கேட்டால்தான் கஸ்பாருக்கு அன்றைக்குச் சோறு இறங்கும்.

கதையும் வருஷத்துக்கு வருஷம் கொழுத்தது. முதலில் நாலு மாலுமிகள் சாப்பிட்டார்கள். பிறகு நாற்பது பேர். போன வருஷம், குண்டு விடுகிற குழாயில் ரசத்தை ஊற்றி அண்ணாந்து குடித்தார்கள். இந்த வருஷம் சட்டியை யார் வழிப்பது என்ற சண்டையில் கப்பலே ஒருபக்கம் சாய்ந்துவிட்டது.

புளுகுவது அவருக்குப் பிடிக்கும். அது ஒரு பாதி.

மறுபாதியை அவர் பந்தலில் சொன்னதில்லை.

அன்றைக்கு அவருடைய தோணிக்குப் பக்கத்தில் கப்பல் காற்று வாங்கத்தான் மேலே வந்தது. குழம்பு வாசம் மூடியைத் திறந்த பிறகுதான் எட்டியிருக்கும். ஆனால் மாங்காயைப் பற்றிக் கேட்டது நிஜம். நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டதும் நிஜம்.

மூடி அடைந்தது. கப்பல் இறங்கியது.

தோணி கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். அடியிலிருந்து ஒரு சத்தம். தோணியின் பலகையெல்லாம் உதறியது.

பிறகு மீன்கள் மிதந்து வந்தன. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை வயிறுகள்.

அப்புறம் எண்ணெய்.

கரை சேர்ந்ததும் கஸ்பார் நேரே எமரென்சியா வீட்டுக்குத்தான் போனார். ஒன்றுவிடாமல் சொன்னார். கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண். கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"பொய்னு சொல்லுங்கண்ணே."

"பொய்தாம்மா."

தோணியை ஓட்டிய தண்டலையும் கூட வந்தவர்களையும் கெஞ்சிக் கூத்தாடி வாயை அடைத்தார். அவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அதன் பிறகும் பயம் போகவில்லை. உண்மை சும்மா கிடந்தால் யாராவது காலில் இடறி எடுத்துவிடுவார்கள்.

அதனால் அதன்மேல் ரசத்தை ஊற்றினார். மாலுமிகளை ஏற்றினார். ஒருத்தரும் நம்ப முடியாத உயரத்துக்குக் கட்டினார்.

இந்த வருஷம் வந்த அதிகாரி ஊருக்குப் புதியவர். பேச்சைக் கேட்டால் திருச்சிக்காரப் பையன் மாதிரி இருந்தார். எல்லாரும் சிரித்தபோது, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ஐயா, சேத்துச் சொன்னது இருக்கட்டும். கப்பல் வந்தது மட்டும் நெஜமா?"

கஸ்பார் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"நெஜம்னா எந்த எடம்னு காட்டுங்க. வளையத்த அங்கயே கொண்டுபோய் விட்ரலாம். படகு தயாரா நிக்குது."



கஸ்பார் முன்வரிசையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வாய்கொள்ளாமல் சிரித்தார்.

"அட, நீங்க வேற சார். கப்பலாவது தட்டாவது! தனிஸ்லாச நான் கடல்ல பாத்ததே கெடயாது. அவரு மாங்காயும் கேக்கல, என் சோத்தத் தின்னவும் இல்ல. வயசான காலத்துல வாய் சும்மா இருக்கமாட்டேங்கு, சார். அத்தனையும் புளுகு."

அதிகாரி தலையசைத்து எழுந்தார். வளையத்தைக் கரையோரம் எடுத்துப்போகச் சொன்னார். இரண்டு மாலுமிகள் அதைத் தூக்கினார்கள்.

கஸ்பார் காத்திருந்தார்.

எமரென்சியா இன்னும் தன் வார்த்தையைச் சொல்லவில்லை.

நாற்காலியின் கால் மணலுக்குள் அமுங்கியிருந்தது. கையை ஊன்றி, மெல்ல எழுந்தாள்.

"அந்த ஒரு வாய்ச் சோத்தையும் இல்லன்னு சொல்லாதீங்கண்ணே."

வளையம் தண்ணீரை நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"இவுகளுக்கு எடம் தெரியும். நடந்ததுதான், சார்."