எவேலியோவின் ஒரே வாசகர்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், கியூபாவின் பயாமோ நகரத்தில், எங்கள் தெருவில், எவேலியோ வீட்டுச் சமையலறை மூலையிலிருந்து உலகத்துக்கு ஞானஒளி வழங்கப்பட்டு வருகிறது.

கரண்ட் இருக்கும்போது மட்டும்.

ஒளியின் ஊற்று, அலுவலகத்தில் கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர். எவேலியோ அதன் பக்கத் தகட்டைக் கழற்றினான். சோவியத் காலத்துச் சலவை இயந்திர மோட்டாரில் செய்த விசிறியை எதிரே நிறுத்தினான். வீட்டு இணைய இணைப்பைக் கோத்து, அதை ஒரு சர்வராகவே ஆக்கிவிட்டான்.

அதில் குடியிருப்பது அவன் எழுதிய ‘டோமினோவின் தத்துவம்’ என்ற நூல். எந்த நாட்டிலிருந்தும் யாரும் திறந்து படிக்கலாம்.

யாரும் திறக்கவில்லை.

தெருவில் நாங்கள் அவனோடு தினமும் டோமினோ ஆடுகிறவர்கள். அவன் ஜெயித்து ஒருவரும் பார்த்ததில்லை. எங்களுக்குத் தத்துவம் தேவைப்படவில்லை.

அவன் மனைவி நெரெய்தா கெடு வைத்தாள். மாதம் முடிவதற்குள் ஒரு வாசகராவது வராவிட்டால், விசிறி அவளுக்கு, கம்ப்யூட்டர் குப்பைக்கு. எவேலியோவுக்குச் சோறு இறங்கவில்லை.

கெடு முடிய இருந்த வாரத்தில் வாசகர் வந்தார். வெளிநாட்டிலிருந்து. அதன்பின் விடாமல் வருகிறார், எப்போதும் அதே ஆள்.

இன்று மாலை கரண்ட் வந்தது. அதோடு படுத்துக்கிடந்த செல்போன் கோபுரமும் எழுந்தது. தெருவே “வந்துடுச்சு” என்று கூவியது.

எவேலியோ என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். நெரெய்தா எங்களை முந்திக்கொண்டாள். சோற்றுக் குக்கரைக்கூடச் செருகாமல், முதலில் சர்வரைத்தான் செருகினாள். போன மாதம் அதைக் குப்பையில் போடச் சொன்னவள். இலக்கியம் மனிதர்களை எப்படி மாற்றிவிடுகிறது என்று எவேலியோ என் காதில் சொன்னான்.

விசிறி விமானம்போல் உறுமியது. திரையில், வந்துபோனவர் பட்டியலில், ஒரு புதிய வரி முளைத்தது. வாசகர்தான்.

“பாத்தியாடா? கரண்ட் வந்ததும் வந்துட்டாரு. தாகம்டா, அறிவுத் தாகம். பேராசிரியராத்தான் இருக்கணும்.”

முதல் பக்கத்தைத் தாண்டி உள்ளே போயிருக்கிறாரா என்று கேட்டேன்.

“முதல் பக்கத்துலயே அசந்துபோய் நிக்கிறாருடா மடையா.”

பிறகு ரம் பாட்டிலைத் திறந்தான். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் கிளாஸோடு வந்தார்கள். பேராசிரியரின் ஆயுளுக்காகக் குடித்தோம். எவேலியோ வாசலில் தனியாக ஆடினான். நான் பார்த்தவரை அவன் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

உள்ளறையில் போன் அடித்தது. நெரெய்தா ஓடினாள். அவள் சிரிப்பு எங்கள் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

எவேலியோவின் முதல் பக்கம் திறந்தால் அக்கா வீட்டில் கரண்ட் இருக்கிறது, போன் கிடைக்கும் என்று சிலியில் இருக்கும் அவள் தங்கை ஒதாலிஸுக்குத் தெரியும். அதில் ஒரு வரியையும் அவள் படித்ததில்லை.