பத்து இலக்கத்தில் ஒரே ஒரு நிறைவெண்

"சார்லஸு, அந்த வீட்டுல கணக்கப் பத்தி வாயத் தொறந்தே, நான் பாதியிலயே எந்திரிச்சு வந்துருவேன்" என்றாள் சந்தனமேரி, ஆட்டோ திருக்கோகர்ணத்துக்குள் திரும்பியதும்.

அவள் பயம் நியாயமானது. கல்லூரியில் கணிதம் நடத்தும் மகனுக்கு முப்பத்தாறு நடக்கிறது. இது ஏழாவது பெண். போன மாதம் ஆவூர்ப் பெண்ணோடு தனியாகப் பேசச் சொன்னால், முக்கால் மணி நேரம் நிறைவெண் பாடம் நடத்திவிட்டு வந்தான். ஆறைவிடச் சிறியவற்றில் அதை மீதியில்லாமல் வகுப்பவை ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் ஆறே வரும். அப்படி வந்தால் நிறைவெண். போதாததற்கு முதல் ஆறு நிறைவெண்களைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அவள் கையில் வேறு கொடுத்திருந்தான். மறுநாளே வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இந்தப் பெண் பிரின்சி, அதே ஆவூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. மாடியில் தனியாகப் பேச விட்டபோதும் சார்லஸ் மழை, பஸ், சாப்பாடு என்று மனிதர்கள் பேசுவதையே பேசினான். கடைசியில் போன் நம்பர் கேட்டான். அவள் நிதானமாக, ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். எட்டில் ஆரம்பித்தது. ஐந்தாவது இலக்கத்திலேயே அவனுக்கு வியர்த்துவிட்டது. ஐம்பத்தாறில் முடிந்ததும், பாவம், அவனால் தாங்க முடியவில்லை.

"இது நிறைவெண்ணுங்க. பத்து எலக்கத்துல இது ஒண்ணுதான் இருக்கு. அது ஒங்களுக்குக் கெடச்சிருக்கு."

"அப்படிங்களா" என்று பிரின்சி சிரித்தாள்.

அப்புறம் யார் நிறுத்துவது? அது இரட்டை எண் என்றான்; இரண்டையும் இன்னொரு பெரிய பகா எண்ணையும் தவிர வேறு எந்தப் பகா எண்ணுக்கும் மசியாது என்றான். அவள் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. கடவுளே போட்ட முடிச்சு என்று அவனுக்கு நிச்சயமாகிவிட்டது.

திரும்பும் வழியில் அம்மாவிடம் நிச்சயத்துக்குத் தேதி பார்க்கச் சொன்னான். சந்தனமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டாள். அவன் அந்த எண்ணை அழைத்தான். உபயோகத்தில் இல்லை என்றது போன். மறுபடி அழைத்தான். அதே பதில்.

"டவர் இல்ல போலம்மா."

முன்னால் டிரைவரோடு ஒண்டி உட்கார்ந்திருந்த தரகர் மைக்கேல்சாமி அப்போதுதான் நினைவு வந்து சட்டைப்பையைத் தடவினார். "தம்பி, மறந்தே போனேன். கெளம்புறப்ப பொண்ணு இத ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லுச்சு."

நாலாக மடித்த தாள். மகன் தன் முதல் காதல் கடிதத்தை நிம்மதியாகப் படிக்கட்டும் என்று சந்தனமேரி முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

சார்லஸ் பிரித்தான். போன மாதத்துக் காலண்டர் தாள். பின்பக்கம் அவனுடைய கையெழுத்திலேயே ஆறு எண்கள். எட்டில் ஆரம்பித்து ஐம்பத்தாறில் முடியும் கடைசி எண்ணைச் சுற்றி, பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்பு மையில் ஒரு வட்டம்.