ஏழாவது விதி

உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை.

ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை. வரிசையாக நாற்காலிகள். முன்னால் ஒரு மேசை. அதன் பின்னால் ஐந்து பேர், தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் கோட்டு அணிந்து.

இது அரசாங்கக் கோர்ட் அல்ல. தென்னாப்பிரிக்காவின் அந்தப் பக்கத்தில் வாழ்ந்த, டச்சு வழிவந்த வெள்ளைக்காரப் போயர் குடும்பங்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட மன்றம். மொழியும் முறைகளும் கலைந்துபோகாமல் காக்க. சண்டை வந்தால் வெளியாரிடம் போகாமல் தீர்த்துக்கொள்ள.

ஆண்ட்ரீஸ் மாமா காகிதத்தைப் பார்த்துப் படித்தார். எல்லோருக்கும் அவர் மாமாதான். மன்றத்தின் தலைவரும் அவர்தான்.

காற்று வீசிய நாளில் ஃப்ளோரிஸ் தன் நிலத்தில் தீ மூட்டினார். தீ வேலியைத் தாண்டியது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஸ்கால்க்கின் மேய்ச்சல் நிலம் அழிந்தது. முந்நூறு ஆடுகள் கருகின. ஆகவே ஃப்ளோரிஸின் பெயர் சமூகப் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது. சமூகத்தின் மயானத்தில் அவருக்கு இடமில்லை.

அந்தத் தீயில் ஃப்ளோரிஸ் இறந்து நான்கு நாள் ஆகிறது.

அவள் அவருடைய மனைவி. உடுத்தியிருந்த கறுப்பு உடை இரவல். தோளில் தொளதொளத்தது.

"அவர் தீ வைக்கலே, மாமா. அணைக்கப் போனார். ஈரச் சாக்கை எடுத்துக்கிட்டு ஓடினார்."

"பார்த்தது யாரு, ஹெஸ்டர்?"

"மொஹாபி பார்த்தான். ஸ்கால்க்கோட புல்வெட்டுற மெஷின் கல்லுல உரசிச்சு. பொறி பறந்துச்சு. எல்லாத்தையும் பார்த்தான். வெளியேதான் நிக்கிறான், கூப்பிடுங்க."

யாரும் கூப்பிடவில்லை.

மொஹாபி ஹெஸ்டரின் பண்ணையில் வேலை செய்பவர். சோத்தோ என்ற கறுப்பினத்தவர். கடைசிவரை ஃப்ளோரிஸோடு நின்று தீயை அடித்தவர்.

ஆண்ட்ரீஸ் மாமா விதிப் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை.

"ஏழாவது விதி. நம்ம ஆளுங்க சாட்சிதான் செல்லும். அதுக்கு நீயும் கை தூக்கினவதானேம்மா."

தூக்கியிருந்தாள். பதினோரு வருடம் முன்பு, இதே கொட்டகையில். அன்று அதில் யோசிக்க எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

அவள் திரும்பினாள்.

"ஸ்கால்க், நீயாவது சொல்லு."

ஸ்கால்க் மடியில் இருந்த தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். கண்கள் சிவந்திருந்தன. பாதி எரிந்த ஆடுகளை அவரே சுட்டுக் கொல்ல வேண்டியிருந்தது என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"நான் எதையும் பார்க்கலே," என்றார். தொப்பியிடம் சொல்வதுபோல்.

அவள் மண்டியிட்டாள்.

"என் பேரையும் எடுத்துடுங்க. பண்ணையை விட்டே போயிடறேன். அவரை மட்டும் எலிஸ் பக்கத்துல படுக்க விடுங்க."

எலிஸ் அவர்களுடைய ஒரே மகள். எட்டு நாள் இருந்தாள். அவளுடைய சின்னக் கல்லறையை ஒட்டித் தனக்கென்று ஃப்ளோரிஸ் இடம் அளந்து வைத்திருந்தார்.

ஐவரில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

வெளியே வெயில் கொளுத்தியது.

மொஹாபி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றார். காலை எட்டு மணியிலிருந்து அங்கேதான். இரண்டு கைகளிலும் முழங்கை வரை கட்டு. சட்டைப் பொத்தான்களை யாரோ போட்டுவிட்டிருந்தார்கள். ஒன்று இடம் மாறியிருந்தது.

"உன்னைக் கூப்பிடவே இல்லை," என்றாள்.

"தெரியும், மிஸஸ்."

"பிணவறையில இன்னிக்குள்ள அவரை எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க."

டவுன் பிணவறையில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. அரசாங்கக் கோர்ட்டுக்குப் போனால் மாதக்கணக்கில் ஆகும். அவளுக்கு இருந்தது ஒரு பிற்பகல்.

"எங்கே கொண்டுபோவேன்? சொல்லு, நான் எங்கே கொண்டுபோவேன்?"

சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். கொட்டகை வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவரவர் வண்டியை நோக்கி நடந்தார்கள்.

"டவுன் மயானம் இருக்கு, மிஸஸ். அங்கே யாரையும் வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

"அங்கே அவருக்கு யார் இருக்கா?"

மொஹாபி சாலையைப் பார்த்தார்.

"யாரும் இல்லே. எங்கம்மா இருக்காங்க."

அவள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தகரம் சுட்டது. கையை எடுக்கவில்லை.

மொஹாபியின் அம்மாவை வீட்டில் எல்லோரும் சன்னா என்று கூப்பிட்டார்கள். உண்மைப் பெயர் வேறு. அந்தப் பண்ணையிலேயே பிறந்தவர். எலிஸைக் கடைசியாகக் குளிப்பாட்டி வெள்ளைக் கவுன் போட்டுவிட்டவர்.

நான்கு வருடம் முன்பு அவர் இறந்தார். பண்ணை மண்ணிலேயே புதைக்க ஆறடி இடம் கேட்டு மொஹாபி சமையலறை வாசலில் நின்றார்.

ஃப்ளோரிஸ் முடியாது என்றார். கத்தவில்லை. ஒருமுறைதான் சொன்னார்.

அவள் உள்ளே காபி கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

எங்கே புதைத்தார்கள் என்று பிறகும் கேட்டதில்லை.

இப்போது வாயைத் திறந்தாள்.

"உங்க அம்மா பக்கத்துல," என்றாள், "இடம் இருக்குமா?"

மொஹாபி கட்டுப் போட்ட கைகளை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

"கேட்டுச் சொல்றேன்."

யாரிடம் என்று அவள் கேட்கவில்லை.