ஆபத்து வேளையில் யாரும் கொடுக்கலாம்

கையில் தண்ணீர் டம்ளரோடு ஞாயிறு பள்ளி டீச்சர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகவும் மனசு வரவில்லை, டம்ளரைக் கீழே வைக்கவும் மனசு வரவில்லை.

முந்தாநாள் பெற்ற உடம்பு. இப்படி நிற்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனாள்.

உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் குழந்தை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மூக்கில் ஒரு குழாய், காலில் ஒரு குழாய். மாதம் நிறைவதற்குள் என்ன அவசரமோ, ஓடி வந்துவிட்டது.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. சாயங்காலம் வரை தாங்கினாலே பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டு நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கணவன் இன்னும் நிமிரவில்லை.

போதகருக்குப் போன் போட்டாயிற்று. அவர் பார்க்கிற சபைகளிலேயே தூரத்துச் சபையில் இன்றைக்கு ஆராதனை.

"நான் வந்து சேர இருட்டிடும் டீச்சர். காத்திருக்க வேணாம், நீங்களே ஞானஸ்நானம் குடுத்துடுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தெரியாமல் என்ன? சபைப் பிள்ளைகளுக்கெல்லாம் அதைச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

லுத்தரன் சபையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சாகக் கிடக்கும் குழந்தைக்குப் போதகர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெற்ற யாரும் கொடுக்கலாம். தலையில் தண்ணீர் வைத்து, பேர் சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

வருஷா வருஷம் வகுப்புக்கு ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்து, பிள்ளைகளைச் செய்து காட்டச் சொல்வாள். ஒரு வாண்டு வாளியையே கவிழ்த்து, பொம்மையோடு டீச்சரையும் சேர்த்துக் குளிப்பாட்டியது உண்டு. பொம்மையும் நம்ம சபையில் சேர்ந்தாச்சா என்று பெரியவர்கள் கிண்டல் செய்ததும் உண்டு. அவள் அசரமாட்டாள். போதகர் பஸ் பிடித்து வரும்வரை கடவுள் வாசலிலேயே நிற்பாரா என்று திருப்பிக் கேட்பாள்.

தயங்கக் கூடாது பிள்ளைகளா, அதுதான் முக்கியம் என்பாள்.

தயங்கக் கூடாதாம். என்ன வாய், என்ன பேச்சு.

இப்போது கால் நகரமாட்டேன் என்கிறது. தண்ணீரை வைத்தால், இது ஆபத்து வேளை என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டதாக ஆகும். இந்தா எடுத்துக்கொள் என்று தானே தூக்கிக் கொடுத்ததாக ஆகும். வைக்காமலே குழந்தை போய்விட்டால்?

கடவுள்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. இத்தனை வருஷம் உன் வேலையைத்தானே பார்த்தேன் என்று பல்லைக் கடித்தாள்.

மூத்த மகள் வந்து முழங்கையைத் தொட்டாள். ஒன்பது வயது. அவளும் அந்த வகுப்புதான்.

"அந்தத் தண்ணி வேணாம்மா. நான் காலையிலயே குடுத்துட்டேன்."

டீச்சருக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

காலையில் நர்ஸ் பாவம் பார்த்து, தங்கச்சியைத் தொட்டுப் பார்க்க அவளை உள்ளே விட்டிருக்கிறாள். முதலில் கையைக் கழுவு என்றிருக்கிறாள். இவள் கழுவினாள், துடைக்கவில்லை. பெட்டியில் கைவிடும் ஓட்டை வழியாகக் கையை விட்டு, விரலில் இருந்த ஈரத்தை மூன்று தரம் அந்தத் தலையில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வெளியே வந்துவிட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீ அழுவே என்றாள்.

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வார்த்தைகளைச் சரியாகச் சொன்னாயா என்று கேட்டாள். அந்த நேரத்திலும் டீச்சர் புத்தி போகவில்லை. மகள் ஒப்பித்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை.

அப்படியானால் அது செல்லும். இனி போதகரே வந்தாலும் மறுபடி கொடுக்க முடியாது. ஞானஸ்நானம் வாழ்க்கையில் ஒரு தடவைதான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேர்? குழந்தைக்கு இன்னும் பேரே வைக்கவில்லையே. வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று எல்லாரையும் அடக்கி வைத்திருந்ததும் அவள்தான்.

"என்ன பேரு சொன்னே?"

மகள் தலை குனிந்துகொண்டாள்.

"வேற எதுவும் வாயில வரலம்மா. என் பேரையே குடுத்துட்டேன். நான் வேற வச்சுக்கறேன்."

உள்ளே ஏதோ ஒரு மெஷின் விடாமல் கத்தத் தொடங்கியது. நர்ஸ் ஓடினாள். அவள் பின்னால் டாக்டர் ஓடினார். கணவன் எழுந்து நின்றான்.

டீச்சர் எப்படி எழுந்தாளோ, மகளை இழுத்து அணைத்துக்கொண்டு கண்ணாடியில் முகத்தை வைத்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

மூத்தவள் என்னம்மா என்று கேட்கவில்லை. அவளும் கண்ணாடியில் நெற்றியை அழுத்தி, உள்ளேயிருந்து பதில் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.