காஜாக்காரருக்கு மட்டும் விலக்கு

“எங்களுக்குக் கால் வலிக்காதாக்கா? அவருக்கு மட்டும் என்ன விலக்கு?”

சட்டைக் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் முணுமுணுத்தாள்.

“காஜாக்காரருக்குக் காது கேக்காதுடி. மேனேஜர் பேச்சைக் கேக்க வந்து என்ன பண்ணுவார்?” என்றாள் பக்கத்து மெஷின் அக்கா. “முன்னெல்லாம் பத்து நிமிஷம்தான். நீ வந்த ராசி, அரை மணி ஆயிடுச்சு!”

தினமும் காலையில், முதலாளி வருவதற்கு முன், மேனேஜர் பேசுவார். எல்லாரும் முற்றத்தில் நிற்க வேண்டும். ஒழுக்கம், ஒற்றுமை, ஊசியின் பெருமை. நின்றபடியே தூங்கி, கனவிலும் அதே பேச்சைக் கேட்டு அலறி விழித்தவர்கள் உண்டு.

பட்டன் துளைகளுக்குக் காஜா போடும் பெரியவர் மட்டும் உள்ளே, மின்விசிறிக்கு அடியில்.

புதிதாகச் சேர்ந்தவளுக்கு அந்த வாரத்தோடு மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது. ஒரு கோணல் தையல் முதலாளி கண்ணில் பட்டாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான். இதுவரை ஒன்றுகூடப் படவில்லை. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு.

அன்று தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே நழுவினாள். பெரியவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“முதுகுல பல்லி!” என்றாள் மெதுவாக.

பெரியவர் ஓர் ஆள் உயரம் குதித்தார். மடியிலிருந்த சட்டைகள் சிதறின.

பேச்சு முடிந்ததும் நேரே மேனேஜர் அறை.

“நாடகம் சார்! அவருக்குப் பாம்புச் செவி! முதலாளி வரட்டும், சொல்லிடறேன்.”

மேனேஜர் கதவைச் சாத்தினார்.

“தாராளமாச் சொல்லு. அவர் மடியில என்ன இருந்துச்சு, பாத்தியா?”

“ஏதோ சட்டை…”

“நேத்து நீ தைச்சது. நாலு காலர் கோணல். தினமும் நான் பேசி முடிக்கிறதுக்குள்ள பிரிச்சு, நேராத் தைச்சு, பழையபடி உன் கட்டுலயே வெச்சுடறார். சொன்னாப் பயத்துல உனக்குக் கை நடுங்கும்னு, அவர்தான் சொல்ல வேண்டாம்னார்.”



“அப்ப… உங்க பேச்சு…?”

“ஊசியைப் பத்தி ஒரு மனுஷன் பத்து நிமிஷத்துக்கு மேல என்னம்மா பேச முடியும்? சீக்கிரம் காலர் தைக்கக் கத்துக்கோ. எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு!”